கார்பெட் கழுவப் போன வீடுகள்

கார்பெட் கழுவும் தொழிலில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "எங்க வூட்ல அவ்ளோ அழுக்கு இருக்காதுங்க."

கள்ளக்குறிச்சியில் புஷ்பா அக்கா நடத்தும் கடையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஒரு வேன், தண்ணீரைப் பீய்ச்சி அடித்து அப்படியே திரும்ப உறிஞ்சும் மிஷின் ஒன்று, அதைத் தள்ள சேகர் அண்ணன். அவ்வளவுதான் கம்பெனி. நான் கான்வென்ட்டில் படித்தவள் என்பதால், கெமிக்கல் கேனில் இருக்கும் இங்கிலீஷைப் படித்துச் சொல்வது என் பொறுப்பு. அதுதான் வினை. மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் கவனம் என்று கேனில் போட்டிருக்கும். என் மகன் ஆதிக்கு ஒன்றரை வயது, பகலில் என் மாமியார் பார்த்துக்கொள்கிறார். இளைப்பு இருக்கிறது. தூசு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தூசியில் பிழைக்கிறவள் அந்தப் பிள்ளையை எப்படித் தூக்குவது? வேலையை விட்டுவிடலாமா என்று நினைக்காத நாளில்லை. இப்போதும் அவன் மூச்சை ஒரு காதில் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பிள்ளையை வீட்டில் விட்டு வேலைக்குப் போகிற உங்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

நுரை

சின்னசேலத்தில் ஒரு வீடு. மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த கார்பெட். அன்றிலிருந்து மாமியார் மாதம் தவறாமல் சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்திருக்கிறார். நாங்கள் வெறும் தண்ணீரைத்தான் அடித்தோம். மிஷினில் நுரை நுரையாக வந்தது. உள்ளே தங்கிய சோப்பு பிசுபிசுவென்று அழுக்கைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் கழுவக் கழுவச் சீக்கிரம் கறுக்கிறது என்று மருமகளிடம் விளக்கினேன்.

நாலாவது அலசலில்தான் கார்பெட்டில் பூ இருப்பதே தெரிந்தது. அப்போதும் நுரை நிற்கவில்லை. மாமியார் தோட்டத்துப் பக்கம் இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்துக்கொண்டு மருமகள் மெதுவாகச் சொன்னாள்: "எங்க அத்த போட்ட சோப்பு, அக்கா. லேசுல வூட்ட வுட்டுப் போவாது."

வாளி

உறிஞ்சி எடுத்த தண்ணீரை வாளியில் பிடித்துக் காட்டாவிட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். கச்சிராயபாளையத்தில் கரும்பும், மல்லாட்ட என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலையும் போடுகிற ஒரு விவசாயி வீட்டில் வாளியை வைத்ததும் அவர் அக்கம்பக்கத்து ஆட்களையும் கூப்பிட்டார். "இவ்ளோ மண்ணு இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா ஒரு போகம் மல்லாட்ட போட்டிருப்பேனே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் துப்பட்டாவை மூக்கோடு இறுக்கிக்கொண்டு தள்ளி நின்றேன். இதெல்லாம் என் தலைமுடியில் ஏறி ஆதியிடம் போகுமே என்ற பயம்.

அவர் மனைவி கவனித்துவிட்டார். என்னவென்று கேட்டார், சொன்னேன். கையைப் பிடித்துப் பம்புசெட்டுக்குக் கூட்டிப்போய்த் தலைக்குக் குளிக்கச் சொன்னார். மாற்றிக்கொள்ளத் தன் புடவையையும் ரவிக்கையையும் கொடுத்தார். துவைத்துக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "கட்டிக்கினு போம்மா. அதுக்குன்னு ஒரு நட நடக்காத."

பாறை

கல்வராயன் மலைமேல் ஒரு டீச்சர் வீட்டுக்குப் போன அன்று ஆதிக்குக் காலையிலிருந்தே இருமல். சீக்கிரம் முடித்து இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். கார்பெட்டைக் கழுவி முடித்ததும் கரண்ட் போனது. உலர்த்த ஃபேன் இல்லை. மிஷின் எவ்வளவு இழுத்தாலும் கொஞ்சம் ஈரம் நிற்கும். அதோடு விட்டால் இரண்டே நாளில் நாறும், பூஞ்சை பிடிக்கும். வெளியே போட்டு உலர்த்தலாம் என்றால் வாசலெல்லாம் மர நிழல். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெயில் விழுந்த இடம் ஒரு பாறைதான். அதில் பக்கத்து வீட்டுப் பெண் சாமை காயவைத்திருந்தார். நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து சேகர் அண்ணனிடம் விசாரித்தார். பிறகு சாமையை வாரி மூட்டையில் கட்ட ஆரம்பித்தார். ஐயோ வேண்டாங்க என்று ஓடினேன். அவர் கை நிற்கவில்லை. "சாமைக்கு நாளைக்கும் வெயிலு வருங்க. உங்க புள்ள இன்னிக்கித்தான தேடும்."

துண்டு கார்பெட்

போன மாதம் ஆதிக்கு மறுபடி இளைப்பு அதிகமானது. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து, வேலைக்கு இனி வரமாட்டேன் என்று புஷ்பா அக்காவுக்குப் போன் செய்தேன். அக்கா, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று மட்டும் கேட்டார். மறுநாள் சேகர் அண்ணனோடு பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டார்.

ஆதி ஹாலில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அடியில் ஒரு துண்டு கார்பெட். யாரோ வேண்டாம் என்று கடையில் விட்டுப்போனது. மெத்தென்று இருக்கிறதே என்று நான்தான் கொண்டுவந்து போட்டேன். தினமும் குளித்து, உடை மாற்றி, அதன் பிறகே பிள்ளையைத் தொடுகிறவள் நான். "இத எப்பம்மா கழுவின?" என்றார் அக்கா. துடைப்பத்தால் பெருக்குவேன் என்றேன். துடைப்பம் தூசியை உள்ளேதான் தள்ளும் என்று வீடு வீடாகச் சொல்லும் அதே வாயால்.

ஆதியை என் மாமியாரோடு பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு மிஷினை இறக்கினார்கள். ஒரு ஓரம்தான் இழுத்தார்கள். வந்த தண்ணீரை வர்ணிக்க மாட்டேன். அக்கா கார்பெட்டைச் சுருட்டி வேனில் போட்டார். இளைப்பு அதோடு பறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மருந்து தொடர்கிறது, ஆனால் இந்த ஒரு மாதமாக ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. நான் வேலையில்தான் இருக்கிறேன். அன்றைக்கு வாசற்படியில் வாளியோடு நின்று சேகர் அண்ணன் கேட்டதுதான் இன்னும் காதில் நிற்கிறது: "தண்ணிய இப்பவே ஊத்திடட்டாம்மா, இல்ல உங்க அத்த பாத்தப்புறம் ஊத்தட்டா?"

ஊரார் வீட்டு அழுக்குக்கு ஒரு வருடம் பயந்தவளுக்குச் சொந்த வீட்டு அழுக்கைக் காட்ட இரண்டு பேர் வேன் எடுத்து வர வேண்டியிருந்தது, அவர்கள் நன்றாக இருக்கட்டும்.