பலர்மோவில் பந்து முடக்கு வரை

நான் பலர்மோவுக்குப் போனது ஊர் பார்க்கும் ஆசையில் அல்ல. என் கணவர் குகன் போன மாசி மாதம் நெஞ்சு வருத்தத்தால் இறந்துவிட்டார். ஜெர்மனிக்கு வருவதற்கு முன் இவர் ஆறு வருடம் பலர்மோவில் இருந்தவர். விசா இல்லாமல் ஒளித்துத் திரிந்த அந்தக் காலத்தில், ஊருக்கு மேலே மலைக் கோயிலில் இருக்கிற சாந்தா ரொசாலியா என்ற கிறிஸ்தவப் புனிதைக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். விசா கிடைத்து, கலியாணமும் சரிவந்தால், மனைவியைக் கூட்டிக்கொண்டு நடந்தே மலைக்கு வருவதாக. விசா கிடைத்தது, நானும் கிடைத்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையும் போவோம் போவோம் என்பார். ஒரு வருடம் லீவு இல்லை, ஒரு வருடம் மகளுக்குச் சோதனை, ஒரு வருடம் வாகனம் பழுது. அப்படியே போய்விட்டது. நேர்த்தியை வைத்துக்கொண்டு ஆள் போய்விட்டால் அது யார் தலையில்? எனக்கு இரவில் அந்த யோசனைதான்.

இந்த இணையப் பக்கத்தில் முன்பு நான் எழுதிய பயணங்களில் எல்லாம் வழி பார்த்தது இவர். நான் பார்த்ததை மட்டும் எழுதினேன். இந்தமுறை வழியும் நானே பார்த்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பெரிதாகப் படித்தவள் இல்லை.

நாங்கள் இருப்பது நூர்ன்பேர்க்கில். ஒக்ரோபர் நடுவில் லீவு எடுத்தேன். மகள்தான் ரிக்கெற் போட்டாள். போக வர எண்பத்தாறு யூரோ, கைப்பை மட்டும். பறப்பு இரண்டே கால் மணி நேரம். பலர்மோ விமான நிலையம் ஊருக்கு வெளியே முப்பத்தைந்து கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. வெளியே வந்தவுடன் வலது கைப்பக்கம் பஸ் நிற்கும். ஆறரை யூரோ, ஐம்பது நிமிடம். கடல் பக்கத்து இருக்கை இடது பக்கம். எனக்கு வலது பக்கம்தான் கிடைத்தது, மலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கைப்பைக்குள் இவருடைய பலர்மோ அணிச் சால்வை இருந்தது, றோஸும் கறுப்பும். நூர்ன்பேர்க் மைதானத்துக்குப் போனாலும் இதைத்தான் போடுவார். பக்கத்துக் கதிரைக்காரர் சிரிப்பார்கள். "நான் பலர்மோவிலை ஸ்ரேடியத்திலை பந்து பாத்த காலம் தெரியுமோ?" என்று எல்லோருக்கும் சொல்லுவார். அந்தச் சால்வையை மலையில் ரொசாலியாவின் காலடியில் வைத்துவிட்டு வருவது என்பதுதான் என் எண்ணம். மகளுக்கு வேறொரு ஆசை. ஸ்ரேடியத்தில் அப்பா இருந்த கதிரையைப் படம் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள்.

நான் தங்கியது கபோ சந்தைக்குப் பின்னால் மூன்றாம் மாடியில், தேவண்ணை வீட்டில். தேவண்ணையும் இவரும் ஒன்றாக ஒரே அறையில் இருந்தவர்கள். அவர் மனைவி ரஞ்சியக்கா ஒரு வயதான சிஞ்ஞோராவை, அதாவது இத்தாலிய அம்மா ஒருவரை, பராமரிக்கிறார். படி ஏறி மூச்சு வாங்கி நான் இருந்தவுடன் தேத்தண்ணி தந்தார். ஞாயிறு மலைக்குப் போகலாம்தானே என்று கேட்டேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"மதி, குகனுக்கு ஆட்டைத் திவசம் எப்ப?"

"வாற மாசியிலை அக்கா."

"பிறகென்னெண்டு நீ மலை ஏறுறது? வருசம் திரும்பேல்லை. மலைக் கோயில் மிதிக்கக் கூடாது."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஜெர்மனியில் முருகன் கோயிலுக்கும் அம்மன் கோயிலுக்கும் நான் போகவில்லைதான். ஆனால் இதைப் பற்றி யோசிக்கவே இல்லை. "அது வேதக்காரற்றை கோயில் எல்லோ அக்கா?" என்றேன்.

"வேதக்காரருக்குத்தான் வேதக் கோயில். எங்களுக்கு அவ அம்மன். நாங்கள் பொட்டு வைச்சு, செருப்பில்லாமல் ஏறுறம். பாதரே ஒண்டும் சொல்றேல்லை."

தேவண்ணை சமையலறையில் இருந்து கத்தினார்: "துடக்கும் திவசமும் அவவுக்கு என்னெண்டு விளங்கும்? அவவுக்குத் தமிழ் தெரியுமோ?"

"போன கிழமை லொத்தர் விழ வேணுமெண்டு அவவட்டைத்தானே கேட்டனீங்கள்? அப்ப விளங்கின தமிழ் இப்ப விளங்காதோ?"

தேவண்ணை அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. நான் தேத்தண்ணியைக் குடித்தேன். எண்பத்தாறு யூரோ போனால் போகட்டும். இவ்வளவு தூரம் வந்து மலையடியில் திரும்புவதா என்பதுதான் வலி. ரஞ்சியக்கா கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். நானும் உள்ளுக்குள் அதையே நம்புகிறவள். அதுதான் பிரச்சினை.

ஞாயிறு வரை மூன்று நாள் கிடந்தது. சும்மா இருந்தால் அழுகை வரும் என்று ஊர் பார்க்கப் போனேன். கபோ சந்தை காலை எட்டு மணிக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். மீன் விற்கிறவர்கள் ஒருவரை ஒருவர் ஏசுகிற மாதிரிக் கத்துகிறார்கள், அது ஏச்சு இல்லை, விலை. கடலை மாவில் பொரித்த பனெல்லே என்று ஒன்று பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். மூன்று யூரோ. எங்கள் கடலை மா வாசம்தான், உறைப்பு மட்டும் இல்லை. கொஞ்சம் மிளகாய்த்தூள் கொண்டுபோங்கள்.

பெரிய கோயில், அதாவது கத்தெட்றாலே, சந்தையில் இருந்து பத்து நிமிட நடை. உள்ளே போக இலவசம், அரசர்களின் கல்லறையைப் பார்க்க மட்டும் ரிக்கெற். கருஞ்சிவப்புக் கல்லில், சிங்கங்கள் தாங்குகிற ஒரு கல்லறை இருக்கிறது. ஒரு ஜெர்மன் சக்கரவர்த்தி அதற்குள் கிடக்கிறார். அதன்மேல் வாடாத பூ. பக்கத்தில் நின்ற ஒரு ஜெர்மன் அம்மா இன்னொரு பூவை வைத்தார். செத்து எழுநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதே, இன்னும் வைக்கிறீர்களா என்று ஜெர்மன் மொழியில் கேட்டேன். "யாராவது வைக்கத்தானே வேண்டும்" என்றார். கோபமாக இல்லை, பால் முடிந்தால் வாங்கத்தானே வேண்டும் என்கிற மாதிரி. எனக்குக் கால் உளைந்தது. அங்கேயே வாங்கில் நெடுநேரம் இருந்தேன்.

அரண்மனைக்குள் பொன் வேலைப்பாடு நிறைந்த சின்னக் கோயில் இருக்கிறது, தவறவிடக் கூடாது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். வரிசை வீதி வரை நின்றது. நான் தவறவிட்டேன். இறந்தவர்களின் உடல்களை உடுப்போடு நிறுத்தி வைத்திருக்கும் நிலவறையும் உண்டு. காசு கொடுத்துப் பிரேதம் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும். சனிக்கிழமை பஸ்ஸில் பிரான்காச்சோ போனேன், இவர் முதலில் இருந்த மாடி வீடுகளைப் பார்க்க. உடுப்புக் காய்கிற பல்கனிகள். வேறொன்றும் இல்லை. போக வர இரண்டு மணி நேரம்.

ஞாயிறு காலை தேவண்ணை என்னை ஸ்ரேடியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நகரத்தின் நடுவில் இருந்து பஸ் அரை மணி நேரம். ஒரு யூரோ நாற்பது, ரிக்கெற்றைக் கடையில் வாங்குங்கள், பஸ்ஸுக்குள் வாங்கினால் விலை கூட. ஸ்ரேடியம் மலைக்கு நேர் கீழே இருக்கிறது. இதை எந்தப் படத்திலும் நான் கவனிக்கவில்லை. மதிலுக்குப் பின்னால் உடனே மலை, செங்குத்தாக, சாம்பல் நிறமாக. பிற்பகல் மூன்று மணிக்குப் போட்டி. காலையிலேயே றோஸ் சால்வை விற்கிறவர்கள் கடை விரித்திருந்தார்கள். உள்ளே விடவில்லை. போட்டி நாளில் சுற்றிப் பார்க்க முடியாது, கிழமை நாளில் போய்க் கேளுங்கள். போட்டி பார்ப்பதென்றால் பாஸ்போட் வேண்டும், ரிக்கெற்றில் பெயர் அடிப்பார்கள்.

நான் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு, "அண்ணை, இவர் இருந்த கதிரை எந்தப் பக்கம்? பிள்ளை படம் கேட்டவள்" என்றேன்.

தேவண்ணை என்னைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார்.

"கதிரையோ? மதி, நாங்கள் ஒருநாளும் உள்ளை போகேல்லை."

"அவர் பந்து பாத்தனான் எண்டு..."

"பாத்தனாங்கள். ஆனால் உள்ளை இருந்து இல்லை. விசா இல்லாத நாங்கள், வாசலிலை பொலிஸ் நிப்பான், என்னெண்டு போறது? ஞாயிற்றுக்கிழமை அம்மனிட்டை ஏறி இறங்கிவரேக்கை பாதையிலை ஒரு முடக்கு இருக்கு. அதிலை நிண்டால் கிறவுண்டின்ரை ஒரு கரை தெரியும். அங்கைதான் எங்கடை சீற். ஆர் அடிக்கிறான் எண்டே தெரியாது, எறும்பு மாதிரி. குகன்தான் கொமென்ரறி. 'இந்தா எடுத்திட்டான், வெட்டிட்டான்' எண்டு. முழுக்கப் பொய்!"

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, மாசிக்குப் பிறகு முதல் தடவையாக என்று நினைக்கிறேன். அவ்வளவு காலமும் நான் நம்பியிருந்தேன். கதிரை இலக்கம் கூட ஒன்று இவர் சொல்லியிருந்தார்.

பகல் ஒரு மணிக்கு ரஞ்சியக்கா சிஞ்ஞோராவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு மலையடிக்கு வந்தார். ஸ்ரேடியத்தில் இருந்து நடை அரை மணி நேரம். கையில் என் பெயரிலும் குகன் பெயரிலும் ஏற்ற இரண்டு மெழுகுதிரி. என்னை அடிவாரத்தில் இருக்கவிட்டு அக்கா ஏறுவதாகத்தான் முதல் நாள் இரவு பேச்சு. தேவண்ணை கதிரைக் கதையைச் சொன்னார். அக்கா செருப்பைக் கழற்றிப் பைக்குள் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த முடக்கு எவ்வளவு தூரம்?" என்று நான் கேட்டேன்.

"கால்வாசியும் இல்லை," என்றார் தேவண்ணை.

"அது மலைதானே," என்றேன் நான்.

ரஞ்சியக்கா நிமிர்ந்தார். "மலை வேறை, கோயில் வேறை. முடக்கு அம்மன்ரை இடம் இல்லை. இந்த விசரங்கள் பந்து பாக்கிற இடம். பந்து பாக்கிறதுக்குத் திவசம் முடிய வேணும் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்லை. நட."

நடந்தோம். பழைய கல் பாவிய பாதை, அகலம், ஆனால் வழுக்கும். நானும் செருப்பைக் கழற்றினேன். யாரும் சொல்லவில்லை. கல் சூடாக இருந்தது. இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். அரை மணி நேரத்தில் முடக்கு வந்தது. பாதை திரும்புகிற இடம், ஓரத்தில் இடுப்பளவுக்கும் குறைந்த மதில், கீழே முழுப் பலர்மோவும் கடலும். தேவண்ணை கையை நீட்டினார். வீடுகளுக்கு அப்பால் ஸ்ரேடியம் கோப்பை மாதிரி, அதற்குள் பச்சையாக ஒரு துண்டு.

அவர்கள் இருவரும் மேலே போனார்கள். அங்கிருந்து கோயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சால்வையைக் கொடுத்துவிடட்டுமா என்று அக்கா கேட்டார். கொடுக்கத்தான் எடுத்தேன். காற்று குளிர்ந்தது, வியர்த்த உடம்பு. "பிறகு பாப்பம் அக்கா" என்று கழுத்தில் சுற்றிக்கொண்டேன்.

தனியே இருந்தேன். மூன்று மணிக்குப் பிறகு அந்தப் பச்சைத் துண்டில் புள்ளிகள் ஓடின. ஆர் எவர் என்று ஒன்றும் தெரியவில்லை. ஒரு தரம் ஒரு பக்கத்துச் சனம் முழுக்க எழும்பியது, றோஸ் நிறம் அலை மாதிரிப் புரண்டது. சத்தம் இல்லை. ஏதோ பிழை என்று நினைத்தேன். பிறகுதான் சத்தம் மலைக்கு ஏறி வந்தது, நெஞ்சில் இடிக்கிற மாதிரி. "இந்தா, வெட்டிட்டான்" என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு அழுதேன். செத்தவீட்டில் அழாத அழுகை. பாதையால் போன ஒரு குடும்பம் நின்று தண்ணீர்ப் போத்தல் தந்தது. பலர்மோ தோற்றுவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

ஐந்தரைக்கு அக்காவும் அண்ணையும் இறங்கி வந்தார்கள். மெழுகுதிரி இரண்டும் கொளுத்தியாயிற்று என்றார் அக்கா. நேர்த்தி முடிந்ததா என்று கேட்டேன்.

"அவன் கூட்டிக்கொண்டு வாறன் எண்டவன், கூட்டிக்கொண்டு வந்திட்டான். மிச்சப் பாதை உன்ரை. திவசம் முடிய வா, நான் கூட்டிக்கொண்டு போறன்."

திரும்பும் பஸ்ஸில் ஒரு கிழவர் என் கழுத்துச் சால்வையைப் பார்த்து வென்றோமா என்று கேட்டார். "ஓம்" என்றேன், தமிழில். அவருக்கு விளங்கியது. வீட்டுக்குப் போனபிறகு தேவண்ணை சொன்னார், போட்டி சமன் என்று.

போகிறவர்களுக்குச் சில விடயம். மலைக்கு நடக்க முடியாதவர்களுக்கு நகர நடுவில் இருந்து கோயில் வாசல் வரை பஸ் உண்டு, இலக்கம் 812, ஞாயிறில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். நடப்பதென்றால் நாலு கிலோமீற்றர், முழங்கால் நோவுள்ளவர்கள் இறங்கும்போது கவனம். ஒரு லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை இல்லை. துக்க வருடத்தில் இருப்பவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் செய்யுங்கள், நான் சொல்ல மாட்டேன். சால்வை என்னோடுதான் திரும்பி வந்தது. மகளுக்கு முடக்கின் மதிலைப் படம் எடுத்து அனுப்பினேன், அப்பாவின் கதிரை என்று. பந்து பார்க்க விரும்பினால் மூன்று மணிக்கு முன்பே போய் இடம் பிடியுங்கள். மதில் சின்னது, ஆனால் இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம்.