பூப்பாத்திக்குள்ளே தபால் பாதை

நாற்று விற்றுப் பிழைப்பவனுக்கு வீட்டு வாசல்தான் கடை. அந்தக் கடைக்குள்ளே தினமும் ஒருவர் செருப்புக்காலோடு குறுக்கே நடந்து போனால் வயிறு எப்படி எரியும் என்பது, வாசலில் நாலு செடி வைத்துத் தபால்காரரிடம் பறிகொடுத்த உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

முதல் தடம்

என் வீடு சமயநல்லூர்ப் பக்கம் போகிற வண்டிப்பாதையில் இருந்தது. பாதை அந்த இடத்தில் கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போகும். கீழத்தெருவிலிருந்து வர அதுதான் வழி. என் வாசலுக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறினால் கால் மணி நேரம் மிச்சம். வாசல் முழுக்க மரிக்கொழுந்து, செவ்வந்தி, ரோஜாப் பதியன். நடக்க வரப்புகூட விடாமல் பாத்தி கட்டியிருந்தேன்.

ஒருநாள் காலையில் மரிக்கொழுந்துக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் ஈரப் பாத்தியில் வரிசையாக ஏழு தடம். லாடம் அடித்த செருப்பு. ஒவ்வொரு தடத்திலும் நாற்று நசுங்கி வாசனை தூக்கியடித்தது. அந்த வாசனைதான் எனக்கு ஆத்திரத்தை மூட்டியது. மறுநாள் காத்திருந்து பிடித்தேன். தபால்காரர் சங்கையா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெட்டையானவர், பனைமரத்துக்குக் காக்கி போட்டது மாதிரி இருப்பார். "அண்ணே, பாதை அந்தப் பக்கமில்ல இருக்கு?" என்றேன். அவர் நடையை நிறுத்தாமலே சொன்னார்: "செடிக்கு நேரங்காலம் கெடையாது தம்பி. எனக்கு ரயிலுக்குத் தபால் பை கட்டணும்."

சிம்மக்கல்லிலிருந்து வந்த சாட்சி

மதுரைச் சிம்மக்கல்லில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவர் புது வீட்டுக்கு நாற்பது ரோஜாச் செடி கேட்டிருந்தார். பதியன் வேர்விட்டதும் நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்க ஜட்கா வைத்துக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு செடியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே சங்கையா வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவிலேயே புகுந்து போனார். பை இடித்து மூன்று பதியன் வேரோடு சாய்ந்தது.

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் பெரிய மனிதர் ஒருவர் கண்ணாலே பார்த்துவிட்டார். இனி இரண்டு வார்த்தை கேட்பார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சங்கையாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சாய்ந்த மூன்றும் தனக்கு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, பெருமூச்சு விட்டார்: "என்னா சுறுசுறுப்புய்யா. எங்க தெருவுக்கும் ஒருத்தன் இருக்கான், சுத்திச் சுத்தி வந்து சாயங்காலம்தான் கடுதாசி தாரான்."

கள்ளி வேலி

அதற்கப்புறம் கீழத்தெருப் பக்கம் கள்ளி நட்டேன். ஒரு மழைக்கே இடுப்பளவு நின்றது. என் நிலம், என் கள்ளி. ஆனால் தபாலைத் தடுக்கிறேன் என்று என்மேலேயே புகார் போய்விட்டது. விசாரிக்க சைக்கிளில் தபால் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். மரியாதையாக உட்காரவைத்து, மிதிபட்ட செவ்வந்தியைக் கையிலேயே எடுத்துக் காட்டினேன்.

"எந்த இடம்னு சரியாச் சொல்லும்" என்றார். காட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பாத்தியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தார். அங்கிருந்து திரும்பி அதே பாத்தியில் இந்த முனைக்கு வந்தார். பூட்ஸ் மண்ணை என் வாசற்படியில் தேய்த்துவிட்டு, கடிகாரத்தை மூடினார்: "நடந்து பாத்தாச்சு. வழி நல்லாத்தான் இருக்கு."

மோர்

வெளியே எதிரிகள் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஒருநாள் சந்தைக்குப் போனவன் பாதியில் திரும்பி வந்தேன். என் மனைவி செல்லம்மா வாசலில் நின்று சங்கையாவுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கள்ளியில் ஓர் ஆள் நுழையும் அளவு வெட்டியிருந்தது. வெட்டிய அரிவாள் எங்கள் வீட்டு அரிவாள். அவளுடைய தம்பி ரங்கூனில் அரிசி மில்லில் இருந்தான். அவனுடைய கடுதாசிக்காகத்தான் இந்தச் சதி. சங்கையா போனபின் கத்தினேன். அவள் அமைதியாகச் செம்பைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "சுத்தி வந்தா கால் மணி நேரமாகும்ங்க. அந்தக் கால் மணி நேரம் நான் எப்படி இருப்பேன்?"

மனு

நான் இறங்கி வரவில்லை. மதுரைக்குப் போய், விவரம் தெரிந்த ஒருவரிடம் இங்கிலீஷில் மனு எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. தபால்காரர் இனிமேல் வண்டிப்பாதையில் மட்டும்தான் போகவேண்டும், மீறினால் வேலை போய்விடும் என்று உத்தரவு. அந்த உத்தரவின் நகலை எனக்குக் கொண்டுவந்தவர் சங்கையாதான். கள்ளிச் சந்தில் நுழைந்து, செவ்வந்திப் பாத்தியை மிதித்துக்கொண்டு நேரே வந்து கையில் கொடுத்தார்.

நான் அதைப் பிரித்து, எழுத்துக்கூட்டிப் படித்து, அர்த்தத்தையும் அவருக்கே சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு திரும்பி, வண்டிப்பாதையை நோக்கி நடந்தார்: "சரி தம்பி. வந்தவரைக்கும் வந்தாச்சு, இனிமே கரையோட போறேன்."

அட்டை

சொன்னபடியே போனார். கள்ளி மறுபடி மூடிக்கொண்டது, செவ்வந்தி நன்றாகப் பூத்தது. அந்த வருஷம்தான் ரங்கூனில் குண்டு விழுந்தது. அங்கிருந்து சனங்கள் காட்டு வழியாக நடந்தே வருகிறார்கள், பாதிப் பேர் வழியிலேயே சாகிறார்கள் என்று பேச்சு. மச்சினனிடமிருந்து ஒரு வரி இல்லை. செல்லம்மா தினமும் கள்ளியோரம் நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மூன்று மாதம் சங்கையா கரைமேல் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஒருநாள் கரைமேல் நின்று கையை உயர்த்தினார். கையில் ஒரு தபால் அட்டை. ஏதோ சத்தம் போட்டுச் சொன்னார். எதிர்க்காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணே, குறுக்கே வாங்க" என்று இவள் கூப்பிட்டாள். அவர் காதில் விழுந்தது. நின்று எங்களைப் பார்த்தார். ஆனால் கரையோடுதான் நடந்தார். நான் மண்வெட்டியை எடுத்துக் கள்ளியை வெட்டித் தள்ளினேன். என் செவ்வந்தி, என் பதியன், எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு இரண்டு பேரும் ஓடினோம். கரைமேல் அவர்தான் அட்டையைப் படித்துக் காட்டினார். கல்கத்தா வந்து சேர்ந்துவிட்டானாம், காலில் புண்ணாம், உயிருக்கு ஒன்றுமில்லையாம். செல்லம்மா கரையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கோ கோபம்தான் முதலில் வந்தது. இந்த ஒருநாளாவது வாசல் வழியாக வந்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்: "மீறினா வேலை போயிரும்னு நீங்கதான தம்பி படிச்சுச் சொன்னீக. எனக்கு மூணு பொம்பளப் புள்ளைக."

கல் பாதை

மறு வாரமே பாத்தியை நடுவில் பிளந்து, வண்டி வைத்துப் பலகைக்கல் கொண்டுவந்து, ஓர் ஆள் கைவீசி நடக்கும் அகலத்துக்குப் பாதை போட்டேன். உத்தரவை ரத்துசெய்யச் சொல்லி இன்னொரு மனுவும் போட்டேன். அது ரத்தாகி வருவதற்குள் சங்கையாவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புதிதாக வந்தவர் சிறு வயது, செருப்புப் போடாதவர். அவரை நானே அழைத்துக் கல் பாதையைக் காட்டி, தாராளமாக வரலாம் என்றேன். கும்பிடு போட்டார்.

மறுநாள் உச்சிவெயிலில் பார்க்கிறேன்: பாதைக்குப் பக்கத்தில், அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சிய மரிக்கொழுந்துக்குள்ளே கணுக்கால் புதைய நிதானமாக நடந்து வருகிறார். கல்லைக் கையால் காட்டினேன். அவர் கடுதாசியை நீட்டியபடி சொன்னார்: "கல்லு சுடுதுங்கய்யா. பாத்திதான் காலுக்குக் குளுகுளுன்னு இருக்கு."

பாதை போடுவது நம் பாடு, அதில் நடப்பதும் நடக்காததும் தபால்காரர் இஷ்டம் என்று புரிந்துபோனதால், நான் இப்போதெல்லாம் நாற்றைத் தொட்டியில் வைத்து, தொட்டியை மாடிமேல் வைத்துத்தான் வியாபாரம் செய்கிறேன்.