குழம்பு வாசம் வீசும் புத்தகம்

நான் படிக்கக் கொடுத்த, பெண்களின் வரலாறு பற்றிய புத்தகத்தைப் பக்கத்து வீட்டு ரேவதி திருப்பித் தந்தாள். அதில் மீன் குழம்பு வாசம் அடித்தது. இரவல் விதிகள் அத்தனையும் தெரிந்த ஓய்வுபெற்ற அதிகாரி நான், கண்டித்திருக்க வேண்டும். முகர்ந்துகொண்டு நின்றேன்.

மதுராந்தகத்தில் அம்மா அடுப்பெதிரே உட்கார்ந்து படித்த நூலகப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் இதே வாசம்தான். அப்பாவின் அட்டையில் எடுத்தவை. அவர் ஒன்றையும் திறந்ததில்லை.

"இன்னாம்மா, புக்குல கொழம்பு வாசன அடிக்குது?" என்பார் நூலகர்.

"படிச்ச புக்கு அண்ணாத்த. உன் அலமாரில கீறதுல தூசி வாசனதான் அடிக்குது. என் பேர்ல ஒரு கார்டு குடேன்."

"ஜாமீனுக்கு கெஜட்டட் ஆபீசர் பச்ச மையில கையெழுத்து போடணும்மா."

அப்பாவுக்கு அவருடைய மேலதிகாரி போட்டுக் கொடுத்திருந்தார். அம்மாவுக்கு மேலதிகாரி அப்பாதான்.

"வுடு, என் பொண்ணு ஆபீசராயி போடுவா," என்று என் தலையைத் தட்டினாள்.

ஆனேன். ஊரார் சான்றிதழ் நகல்களில் எல்லாம் பச்சை மையில் கையெழுத்திட்டேன். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள்.

"சாரி அத்த, சமைச்சுகினே படிச்சேன்," என்றாள் ரேவதி.

இன்னொரு புத்தகத்தை, இது மனதைப் பற்றியது, எடுத்து நீட்டினேன்.

"இதையும் அடுப்பாண்டயே வெச்சுப் படி."