நெசமா, பிராக்டீஸா

என் கணவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கல்யாணமாகி வெகு நாள்வரை எனக்குத் தெரியாது. கேட்டால் "எதுனாலும் சரி" என்பார். சட்டைத் துணி எடுக்கப் போனாலும் அதே பதில், ரசமா சாம்பாரா என்று கேட்டாலும் அதே பதில். சாப்பிட்ட தட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதில் ஒரு பருக்கை மிஞ்சியிருக்காது. எங்கள் பக்கத்து ஆண்கள் பலரும் அப்படித்தான். ஆனால் இவர் அதில் டிகிரி வாங்கியவர்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் மைசூரில், மண்டி மொஹல்லாவில், ஒரு மிளகாய் மண்டிக்குப் பின்னால் இருந்த சந்தில் மாடி போர்ஷனில் குடியிருந்தோம். காலையில் மூட்டை இறக்கும்போது சந்தே தும்மும். அவருக்குச் சொந்த ஊர் மார்டள்ளி, எனக்கு ராமாபுரம்; இரண்டும் எல்லையோரத்துத் தமிழ்க் கிராமங்கள். அவர் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த ஆளாக இருந்தார். அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்ததும் லைன் சூப்பர்வைசர் வேலைக்கு இன்டர்வியூ வைக்கப்போவதாகச் சொன்னார்கள். கிடைத்தால் வேலை நிரந்தரம். கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் அதோடு முடிகிறது, மார்டள்ளிக்குப் போய் அண்ணனோடு சேர்ந்து நிலத்தைப் பார்க்க வேண்டியது. இதை யார், எப்போது முடிவு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் கேள்விப்படும்போது முடிவாகியிருந்தது.

எனக்குப் போக விருப்பமே இல்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. மைசூரில் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மார்க்கெட்டுக்குப் போகலாம், போகாமல் தெருவைச் சுற்றிவிட்டும் வரலாம். மார்டள்ளியில் தண்ணீர்க் குடத்தோடு போனாலும் நாலு வாசலில் பதில் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இந்த ஒன்றுக்காகவே அவருக்கு அந்த வேலை கிடைத்தாக வேண்டும் என்று இருந்தது எனக்கு.

தொழிற்சாலையின் பெரிய மேனேஜர் வடக்கே இருந்து வந்தவர், கன்னடம் தெரியாதவர். அதனால் கேள்வியெல்லாம் இங்கிலீஷில்தான் இருக்கும், முதல் கேள்வியே உனக்கு எதில் இன்ட்ரஸ்ட் என்றுதான் வரும் என்று ஃபோர்மேன் எச்சரித்திருந்தார். இவர் ஐடிஐ. நான் கன்னட மீடியம் பியூசி, இங்கிலீஷில் தப்பித்துப் பாஸானவள். வீட்டில் என்னைவிடப் பெரிய பண்டிதர் இல்லாததால் நானே வாத்தியாரம்மா ஆனேன். பழைய புத்தகக் கடையில் ஒரு கைடு வாங்கினோம். அதில் ஆசை, ஆர்வம், பிரியம், வெறுப்பு இவற்றுக்கான வார்த்தைகளுக்கென்றே ஒரு பாடம் இருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சின்ன வார்த்தை ஒட்டிக்கொண்டு வரும். இன்ட்ரஸ்ட் என்றால் இன். லைக்கிங் என்றால் ஃபார். அவெர்ஷன் என்றால் டு.

ஏன் அப்படி என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? அது அப்படித்தான் என்றேன். ஒரு பொருள்மேல் ஆசை வந்தால் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் வெள்ளைக்காரன் எதற்கு அதை ஒரு தடவை உள்ளே வைக்கிறான், ஒரு தடவை வெளியே வைக்கிறான் என்று அவருக்குக் குழப்பம். எனக்கு வேறு குழப்பம். தமிழில் ஒன்று நமக்குப் பிடிக்கிறது, அவ்வளவுதான். அதுவாக வந்து நம்மைப் பிடித்துக்கொள்கிறது, நாம் அதற்குப் பொறுப்பில்லை. இங்கிலீஷில் ஐ ஹேவ் எ லைக்கிங் என்று அதை நாமே பையில் வைத்திருக்கிற மாதிரி சொல்ல வேண்டியிருந்தது. இத்தனை விருப்பத்தைப் பையில் வைத்திருக்கிற ஆளாக அவரை நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் அவர் ஷிஃப்ட் முடிந்து வந்து டீ குடித்ததும் பாடம். நான் ஸ்டவ் முன்னால் உட்கார்ந்து வார்த்தையைச் சொல்வேன், அவர் கதவில் சாய்ந்துகொண்டு வாக்கியம் சொல்ல வேண்டும். சொந்தமாகச் சொல்லோணும், புத்தகத்தில் இருக்கிறதைச் சொல்லக்கூடாது என்பது என் சட்டம். ஒரு நாள் அவெர்ஷன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஐ ஹேவ் அன் அவெர்ஷன் டு பிரிஞ்சால்" என்றார்.

அடுப்பில் கத்தரிக்காய்தான் வெந்துகொண்டிருந்தது.

எனக்கு முகம் சுண்டிவிட்டது. கல்யாணமான நாள்முதல் வாரத்துக்கு இரண்டு தடவையாவது கத்தரிக்காய் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்ட மனிதர். வெறுப்பை அத்தனை நாள் விழுங்கிக்கொண்டிருந்தாரா? அந்த வாரம் முழுக்கக் கத்தரிக்காய் வாங்கவில்லை. வாரக் கடைசியில் அவரே, ஏன் இப்போதெல்லாம் கத்தரிக்காய் வைப்பதில்லை என்று கேட்டார். அவெர்ஷன் என்றீர்களே என்றேன்.

"அடப் போ புள்ள. எனக்கு இங்கிலீஷ்ல பேரு தெரிஞ்ச காய் அது ஒண்ணுதான்."

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. ஆனால் ஒன்று உறைத்தது. இந்த மனிதர் இங்கிலீஷில் சொல்வது மனசில் இருந்து வருகிறதா, தெரிந்த வார்த்தையில் இருந்து வருகிறதா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

இன்னொரு நாள் ஹேட்ரட் என்ற வார்த்தைக்கு இருவரும் உரக்கப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது, கீழே இருந்த வீட்டுக்கார அம்மாள் படியேறி வந்து "ஏனம்மா, ஜகளானா?" என்று கேட்டார். சண்டை இல்லை, படிக்கிறோம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இங்கிலீஷில் சண்டை போடுகிற அளவுக்குப் படித்தவர்கள் என்று அதன்பிறகு எங்கள்மேல் அவருக்கு ஒரு மரியாதை.

தசரா நெருங்கியது. ஊரெல்லாம் விளக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று ஏக்கத்துக்கான வார்த்தை, லாங்கிங் என்று சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை.

"ஐ ஹேவ் எ லாங்கிங் ஃபார் மை வில்லேஜ்."

ஃபார் சரியாக விழுந்திருந்தது. சபாஷ் சொல்லியிருக்க வேண்டும்.

"நெசமாச் சொல்றீங்களா, பிராக்டீஸுக்கா?" என்றேன்.

"ரெண்டும்தான்" என்று சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போய்விட்டார்.

அதன்பிறகு எனக்கு நிம்மதி போயிற்று. வில்லேஜ் என்பது அவருக்குத் தெரிந்த வார்த்தை, கத்தரிக்காய் மாதிரி இதுவும் ஒன்று என்று காலையில் தேற்றிக்கொள்வேன். மத்தியானம், யோசிக்காமல் வந்த பதிலாயிற்றே என்று தோன்றும். ஊருக்குப் போக ஆசைப்படுகிறவர் இன்டர்வியூவில் வேண்டுமென்றே சொதப்பிவிட்டு வந்தால்? அப்படியென்றால் நான் இன்னும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? தமிழில் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் "எதுனாலும் சரி" என்பார். அதைவிட, ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் என் வாயைக் கட்டியது.

இன்டர்வியூ அன்று சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு போனார். மத்தியானமே திரும்பி வந்துவிட்டார். எனக்குத் திக்கென்றது. தண்ணீர் குடித்துவிட்டு அவரே சொன்னார். மேனேஜர் எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டாராம். ஐ ஹேவ் அன் இன்ட்ரஸ்ட் இன் மெஷின்ஸ் என்றாராம். மேனேஜர் தலையாட்டினாராம். பிறகு பக்கத்தில் இருந்த அதிகாரி கன்னடத்தில், உங்கள் பக்கத்து ஆட்கள் வேலையை வாங்கிக்கொண்டு இரண்டே வருடத்தில் நிலத்தைப் பார்க்க ஓடிப்போகிறார்கள், நீ இங்கேயே இருப்பாயா, உனக்கு இது இஷ்டமா என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வீட்டுல கேக்கோணும்னு சொன்னேன். இருக்கறதுன்னா வேலை உனக்குத்தான், நாளைக்கு வந்து சொல்லுன்னாங்க." செம்பைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கு எப்படிப் புள்ள? இருக்கலாமா, போயிறலாமா?"

நான் அதுவரை நினைத்ததெல்லாம் அவர் மனசில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான். என்னைக் கேட்பார் என்று நினைத்ததில்லை. மைசூர் வேண்டும், அந்தத் தெரு வேண்டும் என்று உள்ளே அத்தனையும் தயாராக இருந்தது. வாயைத் திறந்தேன்.

"எதுனாலும் சரிங்க" என்று வந்தது.

எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அவர் கதவில் சாய்ந்துகொண்டார், பாடத்துக்குச் சாய்கிற மாதிரியே.

"இங்கிலீஷ்ல சொல்லு" என்றார்.

நான் பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "ஐ ஹேவ் நோ டிசையர் ஃபார் மார்டள்ளி."

"நெசமா, பிராக்டீஸா?"

"நெசந்தானுங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

சரி என்றார். மறுநாள் காலையில் போய், இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அண்ணனுக்கு எஸ்டிடி பூத்திலிருந்து போன் செய்து சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. நாங்கள் மைசூர்க்காரர்கள் ஆனது அப்படித்தான்.

அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில், உங்களுக்கு எப்படி என்று நான் அவரைத் திருப்பிக் கேட்கவில்லை. இராத்திரிக்குக் கத்தரிக்காய்தான் வைத்திருந்தேன். வழக்கம்போல இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை.