நூற்று அறுபது கிலோமீட்டர் நூலகம்

என் பழைய காருக்கு என்னைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: எத்தனை கிலோமீட்டர் போனேன் என்பது. எங்கே போனேன், எதற்குப் போனேன் என்பதை எழுதிவைக்கும் வேலையை நானே செய்துவந்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் குறிப்பேட்டில் ஒரு வரி: தேதி, கிளம்பிய நேரம், மீட்டர் எண், இடம், காரியம், திரும்பிய நேரம், மறுபடியும் மீட்டர் எண். ஓசூர் தொழிற்பேட்டையில், ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அளவுகோல் காட்டியதை அப்படியே எழுதுவது எனக்குச் சோறு போட்ட பழக்கம்.

பழைய காருக்குப் பதினைந்து வயது முடிந்ததும், பெங்களூரில் கணினி வேலையில் இருக்கும் மகள் விடாப்பிடியாகப் புதியது வாங்க வைத்தாள். ஷோரூமில் விற்பனையாளர் பெருமையோடு சொன்னார்: "வண்டிக்குள்ளயே சிம் இருக்குது சார். நீங்க எங்க இருக்கீங்கன்னு எப்ப வேணா பாத்துக்கலாம்."

"நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியுமே."

"உங்களுக்கு இல்ல சார். வீட்ல இருக்கறவங்களுக்கு."

கையெழுத்துக்கு முன் நிபந்தனைகளை அங்கேயே சோபாவில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அவர் இரண்டு முறை வந்து விசாரித்துவிட்டுப் போனார். என் வேகம், என் பிரேக், வண்டிக்குள் என் பேச்சு ஆகியவற்றைப் பெயர் சொல்லாத கூட்டாளிகளோடு பகிர்ந்துகொள்ள நான் மனமுவந்து சம்மதிப்பதாக அதில் இருந்தது. கெடுபிடியான அரசாங்கங்களின் வரலாறுகளை நிறையப் படித்திருக்கிறேன். அங்கெல்லாம் உளவாளி தானாக வீடு தேடி வந்தான். நானோ அவனை விலைக்கு வாங்கி, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி அழைத்துவந்தேன். வண்டியின் செயலி மகளுடைய போனில் ஏறியது.

வெள்ளிக்கிழமை வண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ராயக்கோட்டையில் ஒரு கல்யாணம். போய்த் திரும்பி சட்டையைக் கழற்றுவதற்குள் மகளின் போன்.

"அப்பா, சானமாவு காட்டுல நாப்பது நிமிஷம் ஏன் நின்னீங்க?"

"யானை ரோட்டைத் தாண்டுச்சு. வனத்துறைக்காரங்க எல்லா வண்டியையும் நிறுத்திட்டாங்க."

"அதுக்கு முன்னாடி திடீர் பிரேக்குன்னு காட்டுதே. நீங்க ஓட்டறதுக்குப் போடற மார்க் குறைஞ்சுடுச்சு பாருங்க."

"யானையைப் பாத்து யாரும்மா பதமா பிரேக் போடுவாங்க?"

இதுவரை சிரிக்கலாம். சிரிக்க முடியாதது வியாழக்கிழமை.

வியாழன்தோறும் நான் கிருஷ்ணகிரி நூலகத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். போனது அதையும் தாண்டிப் பாரூருக்கு. அங்கே ஏரிக் கால்வாய் ஓரமாகக் கரும்பு போட்டிருக்கும் என் மனைவியின் தம்பிக்குச் சர்க்கரை நோய். வலது காலில் ஆறாத புண். அவரை ஏற்றிக்கொண்டு பாரூர் ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றி, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டு ஓசூர் வருவேன். ஒரு வாரம் தவறினாலும் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மச்சினன் வேறொரு நிபந்தனை வைத்திருந்தார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சுதுன்னா நான் வண்டில ஏற மாட்டேன் மாமா. பரிதாபப்பட்டுக்கினு வந்து நிக்கும். வேணாம்."

அக்காவும் தம்பியும் பேசிக்கொள்ளாமல் போனது என் மகளின் கல்யாணத்தில். தாய்மாமன் வரவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, நேரில் போய்ப் பத்திரிகை கொடுத்தும் தம்பி வரவில்லை என்பது என் மனைவியின் கோபம். அழைப்புப் பட்டியலை வைத்திருந்தவன் நான். பாரூருக்குப் போனபோது வீடு பூட்டியிருந்தது. அன்று இன்னும் ஏழு வீடு பாக்கி. பக்கத்து வீட்டில் தட்டையும் பத்திரிகையையும் கொடுத்துவிட்டு, பட்டியலில் அவர் பெயருக்கு நேராக டிக் போட்டேன். வாழ்க்கையில் நான் எழுதிய பொய்க் குறிப்பு அது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தேன். வியாழக்கிழமைகளில் 'கிருஷ்ணகிரி, நூலகம்' என்று எழுத ஆரம்பித்தது பிறகு.

அதனால் புதன்கிழமையே பாகலூர் சாலையில் என் பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டபடி சொன்னார்: "ஒரு ஃபியூஸைப் புடுங்கினா ஊமையாயிடும் சார். ஆனா பாட்டும் கேக்காது."

"பரவாயில்ல."

"ஆபத்துக்கு அமுக்கற பட்டனும் வேலை செய்யாது."

"ஆபத்துன்னா நானே கத்திக்கறேன்."

"ஆய்த்து சார்" என்று கன்னடத்தில் முடித்து, நகத்தளவு ஃபியூஸை என் உள்ளங்கையில் வைத்தார்.

வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதினேன்: 'புதன், காலை 11.20. கண்காணிப்பு ஃபியூஸ் நீக்கம்.' தலைமறைவாகிறவன் அதற்குக் குறிப்பு எழுதிவைப்பதில்லைதான். ஆனால் வண்டியில் செய்த வேலையை எழுதாமல் விட எனக்குக் கை வரவில்லை.

மறுநாள் போனையும் மேசையிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். போனும் நம்மைப் பற்றி எழுதிக்கொண்டுதான் இருக்கிறது. சூளகிரி தாண்டும்போது, நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும் என்ற நினைப்பில் ஒரு பழைய பாட்டை நானே பாடினேன். மச்சினன் கட்டு மாற்றிக்கொண்டார். புண் ஆறிவருவதாக நர்ஸ் சொன்னார்.

மூன்றே கால் மணிக்கு வீடு திரும்பினேன். மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே என் குறிப்பேடு.

"உங்க பொண்ணு காலையிலருந்து ஆறு தடவ போன் பண்ணிட்டா. வண்டியக் காணோமாம், போலீசுக்குச் சொல்லட்டுமான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"இன்னைக்கு வியாழக்கிழமை, அப்பா பாரூர்ல இருப்பாருன்னு சொன்னேன்."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"ஏங்க, ஓசூர்லருந்து கிருஷ்ணகிரி போய் வந்தா நூறு கிலோமீட்டர். உங்க நூலகம் மட்டும் வாராவாரம் நூத்தி அறுபதுல இருக்குது. இடத்த மாத்தி எழுத வந்துச்சு, கிலோமீட்டர மாத்தி எழுத வரலையா?"

"அது மீட்டர் காட்டறது" என்றேன்.

"எண்பது கிலோமீட்டர் தள்ளி எனக்கு வேற யார் இருக்கறாங்க? அவன் காலு புண்ணுன்னு ஊர்க்காரங்க சொன்னது எனக்கும் காதுல விழுந்துச்சு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"கேட்டா அவன் ஏற மாட்டான். அவனைத் தெரியாதா எனக்கு? வியாழக்கிழம சாயங்காலம் நோட்டப் பாப்பேன். நூத்தி அறுபதுன்னா கட்டு மாத்தியாச்சு."

பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி ஓர் இடத்தில் விரல் வைத்தாள். ஒரு வியாழன் மட்டும் நூற்று இரண்டு கிலோமீட்டர். மச்சினன் பக்கத்து வீட்டுக்காரரின் வேனில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டதால், நான் உண்மையிலேயே நூலகத்துக்குப் போன நாள் அது. அதே வரிக்குக் கீழே என் கையெழுத்தில் இன்னொரு வரி: 'அவள் இன்று இரவு சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றாள்.' இரண்டையும் அடுத்தடுத்து எழுதியவன் நான். சேர்த்துப் படித்தவள் அவள்.

அடுத்த வியாழன், நான் கிளம்புமுன் முன் இருக்கையில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

பாரூரில் மச்சினன் வாசலில் ஊன்றுகோலோடு காத்திருந்தார். கார் கதவு திறந்து அக்கா இறங்கியதும் என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா மாமா?"

"நான் சொல்லல மச்சான். மீட்டர் சொல்லிடுச்சு."

"அப்ப நான் வரல."

"வராத. வெரல எடுத்துப் பொட்டலத்துல குடுப்பாங்க, வாங்கிக்கினு வா" என்றாள் அவள். "ஏறுடா."

ஏறினார். புண்பட்ட காலைப் பின்சீட்டில் நீட்டி வைக்க வேண்டியிருந்ததால் பெல்ட் போட முடியவில்லை. வண்டி டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது. அதற்கு மேல் இவர்கள் குரல்.

"தட்டு வச்சு நேர்ல கூப்ட்டும் வரலைல்ல நீ?"

"யாரு கூப்ட்டாங்க? பக்கத்து வீட்டு அம்மா வந்து கூப்ட்டுச்சு. கல்யாணம் உம்பொண்ணுக்கா, அது பொண்ணுக்கா?"

அவள் என் பக்கம் திரும்பினாள். பட்டியல் என்னிடம்தான் இன்னும் இருக்கிறது. அவளுக்கும் அது தெரியும்.

"வீடு பூட்டியிருந்துச்சு" என்றேன். "டிக் போட்டது நான்தான்."

டிங் டிங் அடித்துக்கொண்டே இருந்தது. எந்த ஃபியூஸைப் பிடுங்கினால் இது நிற்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டிருக்கலாம்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும் மாமா" என்றார் மச்சினன் பின்னாலிருந்து. "நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"கட்டு மாத்திட்டு வீட்டுக்கு வருவீங்கல்ல" என்றாள் என் மனைவி, ரோட்டைப் பார்த்தபடி. "அங்க வச்சிக்கறேன்."