நெட்டுக்குப்பத்து வலைக்கூடம்

எண்ணூர் நெட்டுக்குப்பத்தில் டீ குடிக்க இறங்குகிறேன். மணலில் வலை விரித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தவர்கள் அவசரமாக அதைச் சுருட்டி, வலை தைப்பதற்கென்று அரசு கட்டிக்கொடுத்த வலைக்கூடத்துக்குள் தூக்கிப் போகிறார்கள். உள்ளே நெருக்கமாகத் தூண்கள். வலையை நீளமாக இழுத்துப் பிடிக்க வழியே இல்லை.

செல்வம் என்ற மீனவர் ஒரு முனையை என் கையில் கொடுக்கிறார்.

"இதுக்குள்ள வேலை செய்ய முடியுமாண்ணா?" என்று கேட்கிறேன்.

"எங்க முடியுது? ஆபீசர் பாக்க வராரு. சும்மா கெடக்குதுன்னு எழுதிக்கினு போய்ட்டா, நாங்க கேட்டுக்கினு கீற படகுத்துறையும் வராது சார்."

"கட்டும்போதே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பக்கத்து குப்பத்துக்குப் பூடும்னு வாய மூடிக்கினோம். இப்ப நெனச்சி இன்னா பண்றது?"

ஜீப் வருகிறது. அதிகாரி வாசலிலேயே நின்று படம் எடுக்கிறார்.

"வசதியா இருக்கா?"

"நல்லா கீது சார்," என்கிறார் செல்வம், என் முகத்தைப் பார்க்காமல். நானும் என் முனையைத் தூக்கிப் பிடிக்கிறேன்.

ஜீப் போனதும் வலை மறுபடியும் வெயிலுக்குப் போகிறது. என் முனையைப் பிடித்தபடி கூடவே நடக்கிறேன். அதிகாரி எடுத்த படத்திலும் இதே முனையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன்.