தாழ்ப்பாள் இல்லாத கூண்டு

கல்யாணமான மறுநாள் காலையிலேயே எனக்கும் என் மாமனார் சங்கிலிமுத்துவுக்கும் ஆகாமல் போய்விட்டது. காரணம் ஒரு தாழ்ப்பாள். எங்கள் படுக்கையறைக் கதவில் அது இல்லை. கழற்றின இடத்தில் நாலு திருகாணித் துளைகள்தான் இருந்தன. குளியலறைக்கும் கிடையாது, வாசல் கதவுக்கும் கிடையாது. உள்ளே ஆள் குளித்தால் கதவின்மேல் துண்டைத் தொங்கவிட வேண்டும். முதல் நாள் துண்டு போட மறந்து நான் பட்ட பாட்டை இங்கே எழுத மாட்டேன்.

"ஏன் மாமா, ஒரு கொண்டி வச்சா கொறஞ்சா போவீக?" என்று கேட்டே விட்டேன்.

"இந்த வீட்ல கொண்டி கெடையாது தாயி. கேக்காத" என்றார். முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

அவர் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். பட்டாசு வேலையில் முப்பத்தோரு வருஷம். சாயங்காலம் வேன் இறக்கிவிட்டதும் குழாயடியில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய வெள்ளி நிற மருந்துப் பொடியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். யாரோடும் பேச மாட்டார். அத்தை இறந்து எட்டு வருஷம் ஆகிறது. மாமனாருடைய தம்பி ஊர்க்காவலன் அதற்கும் முன்னால், அண்ணன் தம்பி இருவரும் அப்போது வேலை பார்த்த வேறொரு கம்பெனியில் பட்டாசு அறை வெடித்துச் செத்தவர். பட்டாசு அறைக்கு எதிரெதிரே கதவு இருக்கும், ஆள் உள்ளே இருக்கும்போது எதையும் பூட்டக் கூடாது. அன்றைக்கு ஆடிக் காற்றுக்குப் பயந்து யாரோ பின்கதவை வெளியே தாழிட்டிருந்தார்களாம். அந்த யாரோ யாரென்று கடைசிவரை தெரியவில்லை. காரியம் முடிந்த கையோடு இவர் திருப்புளியை எடுத்து, வீட்டில் இருந்த தாழ்ப்பாள் அத்தனையையும் கழற்றிவிட்டார்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் கதிரவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தும் என் கோபம் தணியவில்லை. செத்தவருக்காக வருத்தப்படலாம். அதற்காக நான் ஆயுசு முழுக்கத் துண்டு தொங்கவிட்டுக் குளிக்க வேண்டுமா?

அந்த வீட்டில் என்னுடையது என்று இருந்தது துரை ஒன்றுதான். விருதுநகரில் அம்மா வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த காக்கடீல் என்கிற சின்னக் கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு, தலையில் கொண்டை. என் காலடிச் சத்தம் கேட்டால் விசிலடிக்கும். கூண்டைத் திறந்தால் தோளில் வந்து உட்கார்ந்து காதோரம் கொஞ்சும். கதிரவனுக்குச் சிவகாசியில் அச்சகத்தில் வேலை. காலண்டர் சீசன் வந்தால் தூங்க மட்டும்தான் வீட்டுக்கு வருவார். துரையும் இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்.

போன தை மாதம் ஒரு நாள், மாமனார் ஓட்டை போட்ட பட்டாசுப் பெட்டி ஒன்றோடு வந்து இறங்கினார். உள்ளே வெளிர் மஞ்சளில் ஒரு பெண் காக்கடீல்.

"ஒத்தையில கெடக்குல்ல. இதுவும் கெடக்கட்டும்."

"உங்கள யாரு வாங்கிட்டு வரச் சொன்னா?"

"யாரும் சொல்லல. ஒத்தையில கெடந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜோடி கிடைத்துவிட்டால் ஆண் பறவை மனுஷரைத் தேடாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னிடமிருந்து துரையைப் பிரிக்கத்தான் வாங்கி வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பேசாத மனுஷன் என்னத்தை நினைத்து வாங்கினாரோ, எனக்கு அப்படித்தான் தோன்றியது.

மனுஷர் ஒரு குறை வைக்கவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். புதுப் பறவைக்கு நோய் இருந்தால் ஒட்டிக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரு மாதம் அடுப்படிக்குப் பின்னால் தனிக் கூண்டில் வைத்தார். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் துரை பக்கம் வர மாட்டார். அதற்கு ரோஜா என்று பேர் வேறு. நான் அதற்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்ததில்லை. அடுத்த மாதம் இரண்டு கூண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். துரை கொண்டையைத் தலையோடு படுக்கவைத்துக்கொண்டு சீறியது. கம்பியைக் கடித்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் அவரே கம்பிவலை வாங்கி, இரண்டுக்கும் சேர்த்து ஆள் நீளத்துக்கு ஒரு கூண்டு அடித்தார். அந்தக் கோடியில் ஒரு கதவு, இந்தக் கோடியில் ஒரு கதவு. இரண்டும் வெளிப்பக்கம் திறக்கும். இரண்டிலும் கொண்டி கிடையாது, தள்ளினால் திறந்துகொள்ளும்.

"மாமா, இது கூண்டா, பட்டாசு ரூமா? துரை பறந்துபோனா யாரு புடிப்பா?"

"சன்னலுக்கு வலை அடிச்சிருக்கேன். பறந்தா வீட்டுக்குள்ளதான் பறக்கும். சண்ட வந்தா ஒண்ணு வெளிய ஓட வழி வேணும்லா?"

வாசல் கதவுக்கே தாழ்ப்பாள் இல்லாத வீட்டில் வீட்டுக்குள்தான் பறக்குமாம்! அதோடு விட்டாரா? கம்பெனிக்குப் புது ஆள் வந்தால், முதல் வேலையாக எந்திரித்து வெளியே ஓடிக் காட்டச் சொல்வாராம். ரோஜாவுக்கும் அதே பயிற்சி. தினமும் சாயங்காலம் பெரிய கூண்டில் அதை விட்டு, பின்கதவுக்கு வெளியே தினைக்கதிரைக் காட்டுவார். ரோஜா தலையால் முட்டித் திறந்துகொண்டு வெளியே வரும். பத்து நாளில் அவர் விரலைச் சொடுக்கினாலே முட்டியது. "கெட்டிக்காரி" என்பார். இரண்டு வருஷத்தில் என்னை ஒரு நாள் அப்படிச் சொன்னதில்லை.

சேர்த்து விடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார். அன்று காலை அவர் குழாயடிக்குப் போன நேரம், நான் ஒரு துண்டு கட்டுக்கம்பியை எடுத்துப் பின்கதவை இறுக்கிச் சுற்றிவிட்டேன். முன்கதவில் நான் கையை வைத்துக்கொண்டு நின்றால் போதும், துரை எங்கேயும் போகாது. அவ்வளவுதான் நினைத்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

துரையை முன்பக்கம் விட்டேன். ரோஜா நடுக்குச்சியில் உட்கார்ந்திருந்தது. மாமனார் வாசல் பக்கம் தள்ளி நின்றார். பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரோஜா தீனிக் கிண்ணத்துப் பக்கம் ஒரு எட்டு வைத்தது. துரை பாய்ந்து அதன் கால்விரலைக் கவ்வியது.

ரோஜா பதறிக் கீழே விழுந்து, நேரே பின்கதவுக்கு ஓடியது. கற்றுக்கொடுத்த மாதிரியே தலையால் முட்டியது. திறக்கவில்லை. மறுபடி முட்டியது. துரை பின்னாலேயே போய்ப் பிடரியில் கொத்தியது. நான் முன்கதவு வழியாகக் கையை உள்ளே விட்டேன், எட்டவில்லை. ரோஜா இறக்கையை அடித்துக்கொண்டு எழும்பிக் கம்பியில் மோதியது, விழுந்தது, திரும்பவும் அந்தக் கதவுக்கே போய் முட்டியது. வேறு எங்கேயும் போகவில்லை. அதற்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மாமனார் ஓடிவந்து பின்கதவை இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். கம்பி கண்ணில் பட்டது. விரலாலேயே பிய்த்துத் திருகினார். நகக்கண்ணில் ரத்தம் வந்தது. கதவு திறந்தபோது ரோஜா, கதவிடுக்கில் மூக்கை வைத்தபடி கிடந்தது. கழுத்து தொங்கிவிட்டது.

கத்துவார், கையை ஓங்குவார் என்று காத்திருந்தேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். கம்பித்துண்டு கையிலேயே இருந்தது.

"துரை பறந்துரக் கூடாதேன்னுதான் மாமா..." என்றேன்.

"தெரியும் தாயி." ரோஜாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நானும் லேபிள் பறந்துரக் கூடாதேன்னுதான் அந்தக் கதவச் சாத்துனேன்."

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"ஊர்க்காவலன் ரூம்லயா மாமா?"

"ஒரே காத்து. தாளெல்லாம் பறக்குன்னு உள்ள இருந்து அவன்தான் சத்தம் குடுத்தான். நான் கொண்டியப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்." கம்பியை நீட்டி நேராக்கிக்கொண்டே சொன்னார். "யார்ட்டயும் சொல்லல. ஒத்த ஆளா வச்சிருந்தேன்."

அதற்குப் பிறகு இதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. உப்புக்கும் புளிக்கும் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொள்கிறோம். துரை பழைய கூண்டில் தனியாகத்தான் இருக்கிறது. என் காலடிச் சத்தம் கேட்டால் விசிலடிக்கிறது. பாழாய்ப் போன விசில், எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை.

போன வாரம் கதிரவன், ரெண்டு வருஷமாக நான் நச்சரித்த நச்சரிப்பு தாங்காமல், சாத்தூரிலிருந்து ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்தார். திருப்புளியும் கையுமாக எங்கள் அறைக் கதவில், அந்த நாலு துளைக்கு மேலே அதை வைத்துப் பார்த்தார். ஓங்கி அவர் கையிலேயே ஒரு அடி போட்டேன். தாழ்ப்பாள் தரையில் விழுந்து உருண்டது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் திரும்பிப் பார்த்தார்.

"இந்த வீட்ல கொண்டி கெடையாது" என்றேன்.